நகர உள்கட்டமைப்பும் புதுமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலை, குடிநீர், வடிகால், பேருந்து, தெருவிளக்கு என்று நகரத்தைத் தாங்கி நிற்கும் விஷயங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருப்பதை ஒழுங்காகப் பராமரிக்கத் தெரிந்த நகரத்துக்குத்தான் புதியதைக் கண்டுபிடிக்கவும் வருகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ள பதில்களில் பல அங்கேதான் வந்து சேரும்.

நீடித்த உள்கட்டமைப்பு என்கிறார்களே, அதற்கு எளிமையாக என்ன அர்த்தம்?

இன்று நாம் கட்டும் ஒன்று நாளை நம் பிள்ளைகள் தலையில் கடனாகவோ வெள்ளமாகவோ குப்பையாகவோ விழக் கூடாது. அவ்வளவுதான். ஒரு பாலத்தின் செலவு திறப்பு விழாவோடு முடிவதில்லை. ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும், துருப்பிடிக்காமல் வர்ணம் பூச வேண்டும், இணைப்புகளை மாற்ற வேண்டும், கடைசியில் ஒருநாள் இடித்து அகற்றவும் வேண்டும். இந்த ஆயுட்காலச் செலவையும், அது இழுக்கும் மின்சாரத்தையும், வெளியிடும் கரியமில வாயுவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துக் கட்டுவதுதான் நீடித்த உள்கட்டமைப்பு. ஐ.நா. 2015இல் ஏற்றுக்கொண்ட 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 9ஆவது இலக்கு தொழில், புதுமை, உள்கட்டமைப்பு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறது. 11ஆவது இலக்கு நகரங்களுக்கானது.

பராமரிப்பு பழைய வேலை, புதுமை புதிய வேலை. இரண்டையும் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்?

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னின் கதையைச் சொன்னால் புரியும். போரால் நொறுங்கிப் போயிருந்த அந்த நகரத்தின் குடிநீர் நிறுவனத்துக்கு 1993இல் ஏக் சோன் சான் என்ற பொறியாளர் தலைவராக வந்தார். அப்போது குழாயில் விடும் தண்ணீரில் 72 விழுக்காடு கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. பாதி கசிவு, பாதி திருட்டு என்று வைத்துக்கொள்ளலாம். யாருக்கு இணைப்பு இருக்கிறது என்ற பட்டியலே சரியாக இல்லை. சில இணைப்புகளை ஊழியர்களே கள்ளத்தனமாக விற்றிருந்தார்கள்.

அவர் வெளிநாட்டுக் கருவி எதையும் வாங்கி வந்து மாயம் செய்யவில்லை. ஊழியர்களை வீடு வீடாக அனுப்பிப் பட்டியலைச் சரிசெய்தார். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். கள்ள இணைப்பைக் காட்டிக் கொடுப்பவர்களுக்குப் பரிசு கொடுத்தார். நகரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தன் பகுதியில் கசிவைக் குறைத்த குழுவுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார். கட்டணம் கட்டாத பெரிய மனிதர்களின் இணைப்பையும் துண்டித்தார். ஒரு ராணுவத் தளபதியின் வீட்டுக்கு இந்த வேலையாகப் போனபோது ஏக் சோன் சானின் தலையில் துப்பாக்கியை வைத்தார்களாம். திரும்பிப் போய், ஆயுதம் தாங்கிய காவலர்களை அழைத்துக்கொண்டு வந்து துண்டித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அந்த 72 விழுக்காடு இழப்பு பதினைந்து, பதினாறு ஆண்டுகளில் 6 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. 24 மணி நேரமும் குடிக்கத் தகுந்த நீர் வந்தது. 2006இல் அவருக்கு ரமோன் மகசேசே விருது கிடைத்தது.

இதில் பராமரிப்பு எது, புதுமை எது என்று பிரித்துச் சொல்ல முடியுமா? கசிவை அடைப்பது பழைய வேலை. பகுதிவாரிக் குழு, ஊக்கத்தொகை, பொதுமக்களுக்குப் பரிசு என்பதெல்லாம் புதிய ஏற்பாடு. அளக்கத் தொடங்கிய பிறகுதான் எங்கே புதுமை தேவை என்பதே அவர்களுக்குத் தெரிந்தது.

மண்ணுக்கு அடியில் இருக்கும் கசிவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நகரம் தூங்கும் நேரத்தில், அதிகாலை 2 மணியிலிருந்து 4 மணிக்குள், யாரும் குளிப்பதில்லை, துவைப்பதில்லை. அந்த நேரத்திலும் ஒரு பகுதிக்குள் போகும் மீட்டர் வேகமாகச் சுற்றினால், தண்ணீர் எங்கோ மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம். அதனால் குழாய்வலையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நுழைவாயிலிலும் ஒரு மீட்டர் வைத்து இரவு ஓட்டத்தைக் குறித்து வருகிறார்கள்.

சந்தேகப்பட்ட தெருவுக்கு அப்புறம் ஒரு ஆள் போகிறார். கையில் நீளமான இரும்புக் கோல். அதன் ஒரு முனையை வால்வின் தலையில் ஊன்றி, மறு முனையைக் காதோடு ஒட்டிக்கொள்கிறார். யாராவது குழாயைத் திறந்திருந்தால் அந்தச் சத்தம் வரும், சற்று நேரத்தில் நின்றுவிடும். கசிவின் சத்தம் நிற்காது. ஒரே சீராக, மூச்சுப் பிடித்தது போல ‘ஸ்ஸ்’ என்று வந்துகொண்டே இருக்கும். அடுத்த வால்வுக்கு நடந்து போய்க் கேட்பார். சத்தம் கூடுகிறதா, குறைகிறதா? இரண்டு வால்வுகளுக்கு நடுவே எங்கே தோண்ட வேண்டும் என்பதை அதை வைத்தே சொல்லிவிடுவார். இன்று இதே வேலையைச் செய்யும் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. இரண்டு இடங்களில் கருவியைப் பொருத்தினால், சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து இடத்தைக் கணக்கிட்டுச் சொல்லும். ஆனால் தொடக்கத்தில் இந்த வேலையை மனிதக் காதுதான் செய்தது, இன்றும் பல நகரங்களில் செய்கிறது. டோக்கியோ தன் கசிவை 3 விழுக்காடு அளவில் வைத்திருப்பதற்குப் பின்னால் இப்படி இரவெல்லாம் நடக்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

வெள்ளம் வந்தால் பெரிய வடிகால் கட்டினால் போதாதா?

சில இடங்களில் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது என்பதைக் கோபன்ஹேகன் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 2011 ஜூலை 2 அன்று இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட 150 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நிலத்தடி அறைகள், மருத்துவமனைகள், சாலைகள் என்று எல்லா இடத்திலும் தண்ணீர். அடுத்த ஆண்டே நகராட்சி ஒரு பெருமழைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்படி ஒரு மழையை முழுவதும் குழாய்க்குள் அடைப்பதைவிட, ஒரு பகுதியைத் தரைக்கு மேலேயே தேக்கியும் திருப்பியும் விடுவது மலிவு என்று கணக்கு காட்டியது. அதன்படி சுமார் 300 சிறு பெரு வேலைகள், ஏறத்தாழ 20 ஆண்டுகளில்.

அதில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பொதுவாகச் சாலையின் நடுப்பகுதி உயர்ந்து, தண்ணீர் இரண்டு ஓரமும் ஓடி வீட்டு வாசலுக்கு வரும். அங்கே சில தெருக்களில் நடுவைத் தாழ்த்தி, ஓரக் கற்களை உயர்த்துகிறார்கள். பெருமழை வந்தால் தெருவே ஒரு கால்வாயாகி, தண்ணீரைப் பூங்காவுக்கோ துறைமுகத்துக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எங்ஹேவ் பூங்காவைப் பள்ளமாக்கிச் சுற்றிலும் தாழ்ந்த சுவர் கட்டியிருக்கிறார்கள். 20 ஆயிரம் கனமீட்டருக்கு மேல் நீர் நிற்கும். மழை இல்லாத நாளில் அதுவே பிள்ளைகள் ஓடியாடும் பூங்கா. சுவரும் உட்காரும் திண்ணைதான்.

நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2013இல் திறக்கப்பட்ட பெந்தெம்ப்ளைன் சதுக்கமும் இதே வகை. காய்ந்த நாளில் கூடைப்பந்து ஆடுகளம், மழை நாளில் சுமார் 17 லட்சம் லிட்டர் தேங்கும் குளம். ஒரே இடத்துக்கு இரண்டு வேலை கொடுப்பதைத்தான் இந்தத் துறையின் மிக அழகான புதுமை என்று நான் நினைக்கிறேன். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இப்படித் தேங்கிய தண்ணீர் வடிந்த பிறகு சேற்றை வழித்துச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான சம்பளத்தை முதல் நாளிலேயே எழுதி வைக்காத திட்டம், இரண்டாவது மழைக்காலத்தில் கொசுப் பண்ணையாகிவிடும்.

கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிப்பது பாதுகாப்பானதா?

சரியாகச் செய்தால் பாதுகாப்பானது. நமீபியாவின் விந்தோக் நகரம் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீர் வலையில் நேரடியாகச் சேர்த்து வருகிறது. சிங்கப்பூரில் நுண் வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல் (மிக நுண்ணிய சவ்வு வழியே நீரை அழுத்திச் செலுத்துவது), புற ஊதாக் கதிர் என்று மூன்று கட்டங்கள் தாண்டி வரும் நீரில் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குப் போகிறது. ஒரு பங்கு நீர்த்தேக்கங்களில் கலக்கப்பட்டு, மறுபடி சுத்திகரிக்கப்பட்டு வீடுகளுக்கு வருகிறது. இதில் தொழில்நுட்பத்தைவிட நம்பிக்கைதான் கடினமான பகுதி. சோதனை முடிவுகளை ஒளிவுமறைவில்லாமல் மக்கள் முன்னால் வைத்தால்தான் அது வரும்.

சோதனை முயற்சி தோற்றுப்போனால் பணம் வீண்தானே?

மேலே சொன்ன சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். அவர்கள் 1974இலேயே ஒரு சோதனை ஆலை கட்டினார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை, கருவிகளும் நம்பும்படி இல்லை. மூடிவிட்டார்கள். ஆனால் அந்த அனுபவத்தைத் தூக்கி எறியவில்லை. சவ்வுகள் மலிவாகி, தரமும் உயர்ந்த பிறகு, 1998இல் மறுபடி ஆய்வைத் தொடங்கி, 2000இல் செயல்விளக்க ஆலை கட்டி, 2003இல் மக்களுக்கு வழங்கத் தொடங்கினார்கள். கிட்டத்தட்ட 30 ஆண்டு இடைவெளி.

தோல்வியால் பணம் வீணாவது ஒரே சூழ்நிலையில்தான்: ஏன் தோற்றது என்று எழுதி வைக்காதபோது. அதிகாரி மாறுகிறார், கோப்பு மூலையில் கிடக்கிறது, பத்தாண்டு கழித்து அதே தவறை வேறொருவர் புதுத் திட்டம் என்று அறிவிக்கிறார். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. சோதனை சிறியதாக இருக்கட்டும், எதை அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே சொல்லட்டும், முடிவு எதுவானாலும் வெளியிடட்டும். இந்த மூன்றும் இருந்தால் தோற்ற சோதனைக்கும் மதிப்பு உண்டு.

எல்லாவற்றையும் காங்கிரீட்டில்தான் கட்ட வேண்டுமா?

வேண்டியதில்லை, ஆனால் காங்கிரீட் இல்லாமலும் நகரம் இல்லை. உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. சூளையைச் சுமார் 1450 பாகை செல்சியஸுக்குச் சூடாக்க எரிபொருள் வேண்டும், அது ஒரு பக்கம். ஆனால் பெரும்பகுதி வாயு சுண்ணாம்புக்கல் சிதையும்போது அந்தக் கல்லுக்குள்ளிருந்தே வெளியேறுகிறது. சூரிய மின்சாரத்தில் சூளையை ஓட்டினாலும் அந்தப் பங்கு நிற்காது. அதனால்தான் கிளிங்கரின் (சூளையில் சுட்டெடுத்து, பிறகு சிமெண்ட்டாக அரைக்கும் கட்டியின்) அளவையே குறைக்கும் கலவைகள் முக்கியம். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்த ஒரு வகை சிமெண்ட்டை ஸ்விட்சர்லாந்து, கியூபா, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். வெளியேற்றம் 30, 40 விழுக்காடு வரை குறைகிறது. நகராட்சி தன் டெண்டரில் இப்படிப்பட்ட கலவையை அனுமதித்து ஒரு வரி சேர்த்தாலே சந்தை நகரத் தொடங்கும். இருக்கும் கட்டடத்தை இடிக்காமல் பழுது பார்த்துப் பயன்படுத்துவது இதைவிடச் சிக்கனம்.

மெட்ரோவா, பேருந்தா?

சண்டையே தேவையில்லை. எத்தனை பேர், எந்த வழியில், எந்த நேரத்தில் போகிறார்கள் என்ற எண்ணிக்கைதான் இதைத் தீர்மானிக்க வேண்டும். கையில் பணமும் நேரமும் குறைவாக இருக்கும் நகரத்துக்கு நான் முதலில் பேருந்தைத்தான் சொல்வேன். பிரேசிலின் குரிடிபா நகரம் 1974இல் பேருந்துக்கென்று தனித் தடம் ஒதுக்கியது. மேயராக இருந்த ஜெய்மி லெர்னர் ஒரு கட்டடக் கலைஞர். சுரங்க ரயிலுக்குப் பணமில்லை என்று புலம்பிக்கொண்டிருக்காமல், ரயில் ஏன் வேகமாகப் போகிறது என்று யோசித்தார்கள். குறுக்கே வேறு வண்டி வருவதில்லை, டிக்கெட் முன்பே வாங்கப்பட்டுவிடுகிறது, நடைமேடையும் வண்டியின் தளமும் ஒரே மட்டம். இவை மூன்றையும் பேருந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1991இல் வந்த கண்ணாடிக் குழாய் நிறுத்தங்களில் பயணி உள்ளே நுழையும்போதே காசு கட்டிவிடுவார். வண்டி வந்ததும் படி ஏறாமல் நேராக உள்ளே நடக்கலாம். இந்தத் தடங்களை ஒட்டி மட்டும் உயரமான கட்டடங்களை அனுமதித்ததால், மக்கள் குடியிருக்கும் இடமும் பேருந்து போகும் இடமும் ஒன்றாகவே வளர்ந்தன.

கொலம்பியத் தலைநகர் பொகோட்டா 2000இல் இதைப் பின்பற்றிப் பெரிய அளவில் செய்தது. பிறகு கூட்டம் தாங்க முடியாமல் திணறி, இப்போது மெட்ரோவும் கட்டிக்கொண்டிருக்கிறது. வெற்றி பெற்ற பேருந்து வழியைத் தொடர்ந்து விரிவாக்காவிட்டால் அதன் வெற்றியே அதை நெரித்துவிடும்.

நல்ல திட்டத்தை மக்களே எதிர்க்கும்போது என்ன செய்வது?

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். எதிர்ப்பில் பாதி நியாயமாக இருக்கும். மீதிக்கு ஸ்டாக்ஹோம் ஒரு நல்ல வழி காட்டியது. நகர மையத்துக்குள் வரும் வண்டிக்குக் கட்டணம் என்றதும் பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். நகரம் 2006 ஜனவரி முதல் ஜூலை வரை சோதனையாக மட்டும் வசூலித்தது, கூடவே பேருந்துகளையும் கூட்டியது. எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. கட்டணத்தை நிறுத்திவிட்டு, செப்டம்பரில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். அனுபவித்துப் பார்த்த நகரவாசிகள் ஆதரித்தார்கள், 2007இல் அது நிரந்தரமானது. பேச்சில் மாறாத மனம் ஏழு மாத அனுபவத்தில் மாறியது.

குரிடிபாவில் இன்னொரு சம்பவம். 1972இல் நகரின் முக்கியக் கடைத்தெருவை ஒரே வார இறுதியில் நடப்பவர்களுக்கான தெருவாக மாற்றினார்கள். வழக்குப் போட்டு நிறுத்த நேரம் கிடைக்கக் கூடாது என்பதற்காகவே அந்த வேகம். அடுத்து, கார் வைத்திருப்பவர்கள் கூட்டமாக வந்து தெருவை மீட்கப் போவதாகச் செய்தி வந்தது. நகராட்சி காவலரை நிறுத்தவில்லை. தெரு நெடுக நீண்ட காகிதத்தை விரித்து, குழந்தைகளை உட்கார வைத்துப் படம் வரையச் சொன்னது. கார்கள் திரும்பிப் போயின. வேகமாகச் செய்வதை நான் எல்லா நேரத்திலும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளக்கூடிய வேலையை வேகமாகச் செய்து பார்க்கலாம். வீடுகளை இடிப்பது போன்ற, திருப்ப முடியாத வேலையில் அந்த வேகம் கூடவே கூடாது.

ஸ்மார்ட் நகரம் என்றால் எங்கும் சென்சார் வைப்பதா?

சென்சார் ஒரு கருவி. அது தரும் எண்ணை யார் பார்க்கிறார், பார்த்ததும் என்ன செய்கிறார் என்பதற்குப் பதில் இருந்தால் வையுங்கள். வடிகாலில் நீர்மட்டம் ஏறுகிறது என்று திரையில் சிவப்பு விளக்கு எரிந்து, மேன்ஹோலைத் திறந்து பார்க்க இயந்திரமும் ஆளும் இல்லாவிட்டால் என்ன பயன்?

டொராண்டோ ஏரிக்கரையில் கூகுளின் சகோதர நிறுவனம் ஒன்று 2017இல் அறிவித்த பெரிய திட்டம், மக்களின் அன்றாட நடமாட்டத் தரவு யாருக்குச் சொந்தம் என்ற கடும் விவாதத்தில் சிக்கியது. நிதிநிலை நிச்சயமில்லை என்று சொல்லி 2020 மே மாதம் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. இதற்கு நேர்மாறான, மிக எளிய கதை அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தினுடையது. அங்கே போக்குவரத்து அமைப்பின் ஊழியர் ஒருவர், சாலை வழி இணையத்தில் இவ்வளவு எளிதாகக் கிடைக்கும்போது பேருந்து வழி ஏன் கிடைப்பதில்லை என்று ஆதங்கப்பட்டார். கூகுளோடு சேர்ந்து, பேருந்து அட்டவணையை ஒரு பொது வடிவத்தில் எழுதித் திறந்துவிட்டார்கள். 2005இல் தொடங்கிய அந்த வடிவம்தான் இன்று உலகெங்கும் கைபேசியில் ‘அடுத்த பேருந்து எப்போது’ என்று பார்க்க உதவுகிறது. ஏற்கெனவே இருந்த அட்டவணைதான், திறந்து வைத்ததும் பல நூறு செயலிகள் அதன் மேல் முளைத்தன.

டெண்டர் விதிகள் புதுமையைத் தடுக்கின்றனவா?

பெரும்பாலும், ஆம். குறைந்த விலை சொன்னவருக்கே வேலை, அதுவும் மூன்று ஆண்டு முன் அனுபவம் கட்டாயம் என்றால் புதியவர் எப்படி உள்ளே வருவார்? இரண்டு மாற்றங்கள் நல்ல பலன் தரும். ஒன்று, வாங்கும் விலையோடு 20 ஆண்டு ஓட்டும் செலவையும் கூட்டி ஒப்பிடுவது. விலை குறைந்த பம்ப் மின் கட்டணத்தில் தன் விலையைப் பல மடங்கு விழுங்கிவிடும் என்பது அப்போதுதான் தெரியும். இரண்டாவது, பொருளைக் கேட்காமல் சிக்கலைச் சொல்வது. பார்சிலோனா 2014இல் ஆறு சிக்கல்களை அறிவித்து, தீர்வுக்கு அழைப்பு விட்டது. சைக்கிள் திருட்டு அதில் ஒன்று, முதியோரின் தனிமை இன்னொன்று. ‘இந்த அளவில் இத்தனை பூட்டு’ என்று கேட்டிருந்தால் பூட்டு விற்பவர் மட்டுமே வந்திருப்பார்.

இதற்கெல்லாம் பணம்?

ஒரு வழி, உள்கட்டமைப்பு உருவாக்கும் மதிப்பில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்வது. ரயில் நிலையம் வந்ததும் பக்கத்து நிலத்தின் விலை ஏறுகிறது. ஹாங்காங்கில் ரயில் நிறுவனம், ரயில் வருவதற்கு முந்தைய மதிப்பில் நிலையத்தை ஒட்டிய நிலத்தின் மேம்பாட்டு உரிமையைப் பெற்று, அந்த லாபத்தைத் தடம் அமைப்பதில் போடுகிறது.

இன்னொரு வழி, கட்டாமல் இருப்பது. நியூயார்க்கின் குடிநீரில் பெரும்பகுதி கேட்ஸ்கில், டெலவேர் மலைப்பகுதிகளிலிருந்து வருகிறது. வடிகட்டும் ஆலை கட்டினால் 600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அதற்குப் பதில் 1997இல் மலைப்பகுதி ஊர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்து, நிலம் வாங்கிக் காடாகவே விட்டு, விவசாயிகளின் கழிவு ஆற்றில் கலக்காமல் இருக்க உதவி செய்து, அதில் சிறு பங்குச் செலவில் நீரைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள். காட்டையும் உள்கட்டமைப்பாகக் கணக்கெழுதத் தெரிந்ததால் வந்த மிச்சம் இது.

குப்பைக்கு ஏதாவது புதிய தீர்வு உண்டா?

பிரித்துக் கொடுப்பதும் அளந்து வசூலிப்பதும்தான் இன்னும் வேலை செய்கின்றன. தென்கொரியா 2005இல் உணவுக் கழிவைக் குப்பைமேட்டில் கொட்டத் தடை விதித்தது, 2013 முதல் எடைக்கோ அளவுக்கோ ஏற்பக் கட்டணம் வாங்குகிறது. தொழிற்பேட்டைகளுக்கு டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நல்ல முன்மாதிரி. 1972இல் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வீணாக எரித்துக்கொண்டிருந்த வாயுவை ஜிப்சம் பலகைத் தொழிற்சாலை வாங்கத் தொடங்கியது. ஒருவர் கழிவு இன்னொருவருக்கு மூலப்பொருள் என்ற பழக்கம் அங்கே பல ஆலைகளுக்குப் பரவிவிட்டது.

வெயிலும் உள்கட்டமைப்புப் பிரச்சினையா?

கட்டாயம். அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்தார்கள். 2013இல் அந்த நகரம் தனக்கென்று வெப்பச் செயல்திட்டம் வகுத்தது: முன்னெச்சரிக்கை, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, அப்புறம் கூரைக்கு வெள்ளைப் பூச்சு. பெரிய செலவில்லாத வேலைகள். நிழல் தரும் மரத்தை நடுவதோடு அதன் வேரைச் சுற்றிச் சிமெண்ட் பூசாமல் விட்டாலும் அது உள்கட்டமைப்புப் பணிதான்.

ஏழைக் குடியிருப்புகளுக்கு இந்தப் புதுமை எப்போது போய்ச் சேரும்?

அங்கிருந்தே புறப்பட்ட புதுமையும் உண்டு, அதைத்தான் நாம் கவனிப்பதில்லை. கராச்சியின் ஒரங்கி பகுதியில் 1980இல் அக்தர் ஹமீத் கான் என்ற சமூகச் சேவகர் வேலையைத் தொடங்கினார். சாக்கடை வசதி இல்லை, அரசு போடும் என்று மக்கள் காத்திருந்தார்கள். அவர் வேலையை இரண்டாகப் பிரித்தார். வீட்டுக் கழிப்பறையும் சந்துக்குள் போகும் குழாயும் மக்கள் பொறுப்பு. முதன்மைக் குழாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. ஒரு சந்தில் இருபது, முப்பது வீடு. அவர்களே ஒரு தலைவரைத் தேர்ந்து, பணம் சேர்த்து, பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தார்கள். அளவெடுத்துத் தரவும் காங்கிரீட் வார்க்கக் கற்றுக்கொடுக்கவும் தொழில்நுட்ப ஆட்கள் உதவினார்கள். அரசு ஒப்பந்ததாரர் கேட்கும் தொகையில் சிறு பங்குதான் செலவானது. தன் கைப்பணம் போட்ட குழாய் என்பதால் அடைத்துக்கொண்டால் அவர்களே எடுத்தார்கள்.

இதைச் சொல்லி, ஏழைகள் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று கைகழுவ அரசுக்கு அனுமதி கொடுக்கக் கூடாது. கொலம்பியாவின் மெடயின் நகரம் 2004இல் மலைச்சரிவுக் குடியிருப்புகளுக்குக் கம்பிவடத்தில் தொங்கி ஓடும் பெட்டிகளை (கேபிள் கார்) மெட்ரோவோடு இணைத்துப் பொதுப் போக்குவரத்தாகவே ஓட்டியது. நிறுத்தங்களின் அருகே நூலகங்களும் பூங்காக்களும் வந்தன. நகரத்தின் மிக நல்ல கட்டடம் மிக ஏழ்மையான இடத்தில் நிற்க வேண்டும் என்ற அந்த முடிவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

நான் ஒரு நகராட்சியில் வேலை செய்கிறேன். நிதி இல்லை. நாளைக்கே தொடங்க ஒரு வேலை சொல்லுங்கள்.

ஒரே ஒரு வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுப் புகார்ப் பதிவேட்டைப் புரட்டி, ஒவ்வொரு புகாரையும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வையுங்கள். ஒரே இடத்தில் புள்ளிகள் குவிந்திருக்கும். அங்கே போகும்போது, அந்தப் பகுதியில் அதிக காலம் வேலை பார்த்த வால்வு திறப்பவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த வால்வைப் பதின்மூன்று சுற்றுக்கு மேல் திறந்தால் மாட்டிக்கொள்ளும், அந்த மூடிக்குக் கீழே இரண்டு குழாய் இருக்கிறது, வரைபடத்தில் ஒன்றுதான் காட்டியிருக்கிறார்கள், இந்தச் சந்தில் தண்ணீர் மேட்டைப் பார்த்து ஓடும் என்றெல்லாம் அவர் நடந்துகொண்டே சொல்வார். ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள், கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு மாதம் நடந்தால் அந்த வார்டுக்கு உண்மையான வரைபடம் ஒன்று கிடைத்துவிடும். எந்தக் குழாயை மாற்றுவது, எங்கே மீட்டர் வைப்பது என்ற முடிவெல்லாம் அதன் மேல்தான் எடுக்க முடியும். அவர் ஓய்வுபெறும் தேதி என்ன என்று மட்டும் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.